நோகாமல் விழ ஒரு பாடம்

அத்தியாயம் பதினொன்று

"விழு."

தர்மிளா விழுந்தாள்.

"எந்திரி. மறுபடி."

முன் ஹாலின் சிவப்புச் சிமெந்துத் தரையில் சோக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. தர்மிளா எழுந்து வந்து அதன்மேல் நின்றாள். இடது முழங்கையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. அவளுடைய மாமியார் விஜயகலா நாற்காலியில் சாய்ந்து பிளேன்டீயை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே மருமகளின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல முட்டி மடங்கணும். பொறகு இடுப்பு. பொறகு தோளு. தல கடைசி, அதுவும் தரையில படக்கூடாது. கை ரெண்டும் நெஞ்சோட ஒட்டியிருக்கணும். கைய ஊன்டின, தொலைஞ்ச. எத்தன தடவ சொல்றது?"

"கை வலிக்குது மாமி."

"சரியா விழுந்தா வலிக்காது. வலிக்குதுன்னா நீ பிழையா விழுறன்னு அர்த்தம்."

தர்மிளா மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை கொடியிலிருந்து சேலை நழுவுவது போலச் சத்தமில்லாமல் இறங்கினாள். விஜயகலா டீயை ஒரு மிடறு குடித்தாள். விழுந்த விதம் நன்றாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மாணவிகளைப் புகழ்ந்தால் கெட்டுப்போவார்கள் என்பது அவள் கொள்கை. மருமகளைப் புகழ்ந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்ததே கிடையாது.

போன கிழமை ஊருக்குப் போயிருந்து இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. விஜயகலாவின் ஒரே மகன் தனுஷன் ஹீன்கந்தை ரப்பர் தோட்டத்து ஒஃபிஸில் கிளாக்கர். சோற்றில் கல் கடிபட்டது என்று விறகுக் கட்டையைத் தூக்கினான். முகத்தை மறைக்கப் போன தர்மிளாவின் கை உடைந்தது. பின் படியில் பாசி வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அங்கே ஒரு நர்ஸுக்கு மட்டும் அந்தக் கதை தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. விஷயம் பொலிசுக்குப் போயிற்று. இன்று காலை இரத்தினபுரியில் சட்ட வைத்தியர் தர்மிளாவைப் பார்க்கப் போகிறார். விழுந்ததுதான் என்று அவர் எழுதினால் எல்லாம் முடிந்தது. அடித்தது என்று எழுதினால் தனுஷன் வழக்கு முடியும் வரை சிறையில் விளக்கமறியல், வேலை போகும், வேலையோடு இந்தக் குவாட்டர்சும் போகும்.

விஜயகலா யார் என்று கேட்டால் கொழும்பின் பழைய நாடக ரசிகர்கள் இன்றைக்கும் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் பதில் சொல்வார்கள். ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தில், லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள். பதினேழு வயதில் மேடை ஏறினாள். அவள் வசனம் பேசுவதைக் கேட்க வந்தவர்களைவிட அவள் விழுவதைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். அரண்மனைப் படியின் உச்சியிலிருந்து மேடை விளிம்பு வரைக்கும் உருண்டு வருவாள். முன் வரிசைப் பெண்கள் வீரிட்டுக் கத்துவார்கள். திரை விழுந்ததும் கொசுவம் கலையாமல் எழுந்து வந்து கும்பிடுவாள். ஒரு சிங்கள டெலி நாடகத்தில் தோட்டத்து அம்மாவாகவும் வந்திருக்கிறாள். வாய்ப்புகள் குறைந்த பிறகு ஆசிரியை ஆனாள். சனி, ஞாயிறுகளில் இதே ஹாலில் சுற்றுத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நடிப்புப் பழக்குகிறாள். தமிழ்த்தினப் போட்டியில் அவளுடைய பிள்ளைகள் மேடை ஏறினால் மற்றப் பாடசாலைக்காரர்கள் இரண்டாம் பரிசுக்கு மனதைத் தேற்றிக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட வித்தை இப்போது மகனுடைய கட்டை அடியை மூடி மறைக்க வேலை செய்துகொண்டிருந்தது.

"இப்ப வசனம்," என்றாள் விஜயகலா. "எப்படி ஒடஞ்சதுன்னு டாக்டர் கேப்பாரு."

"பின் படியில வழுக்கி விழுந்தேன்."

"கொரலு எங்க போவுது? சொல்லு முடியிற எடத்துல கொரல எறக்காத. எறக்கினா பொய்யின்னு கேக்குறவனுக்குத் தெரிஞ்சிரும். நிமித்திச் சொல்லு."

"விழுந்தேன்."

"நாய் கொலைக்கிறாப்ல இருக்கு. மறுபடி."

"விழுந்தேன்."

"அவன் மேல உனக்குக் கோவம். அது கொரல்ல வருது. அத இங்கயே துப்பிட்டு வா."

கதவோரத்தில் கவிஷா வந்து நின்றது. நான்கு வயதுப் பிள்ளை. அம்மா விழுந்து எழும்புவதைப் பார்த்துவிட்டுத் தானும் பாயில் பொத்தென்று விழுந்து, கையைக் காலை ஆட்டிச் சிரித்தது.

"அப்பாயி, நான் எப்புடி?"

"நீ உங்கம்மாவ விட நல்லா விழுறடி தங்கம்."

அன்று காலையில் விஜயகலாவின் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான். பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தர்மிளா, நல்லாக் கேட்டுக்க. வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டான். செஞ்சி காட்டணும். டாக்டர் கேட்டதும், காட்டட்டுமான்னு கேட்டுட்டு விழுந்துரு. கை ஒடஞ்ச பிள்ள திரும்ப விழுந்து காட்டுறதப் பாத்தா கல்லும் எளகிரும். அதுக்கு மேல கேள்வி வராது."

"சரிங்க மாமி."

"வேற எதாச்சும் வாயில வந்திச்சோ..." விஜயகலா பேத்தியின் முடியைக் கோதிவிட்டாள். "இவ இங்க அப்பாவோட இருப்பா. ஒழுங்கா சொல்லிட்டு வந்தா, வந்து தூக்கிக்க. இல்லாட்டி இவ மொகத்த மறந்துரு."

தர்மிளா குனிந்து தரையில் கிடந்த சோக்கட்டியை நல்ல கையால் எடுத்து மேசையில் வைத்தாள்.

குசினிப் பக்கம் தனுஷன் ரொட்டியைச் சம்பலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அடித்தவனுக்குப் பசி நன்றாகத்தான் எடுத்தது.

"என்னாம்மா, சரியா சொல்லுவாளா?"

"நான் பழக்கின பிள்ள எது பிழை விட்டிருக்கு?"

"விட்டுட்டா?"

விஜயகலா ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தணித்தாள். "போன கையிலயே வச்சிக்க. நான் ஒரு ரிங் குடுத்துட்டுக் கட் பண்ணினா காரியம் கெட்டுப்போச்சின்னு அர்த்தம். ஒடனே பிள்ளையத் தூக்கிக்கிட்டு எம்பிலிப்பிட்டியவுக்குப் போயிரு, பெரியம்மா வீட்டுக்கு. பிள்ள நம்ம கையில இருந்தா அவ எங்க போவா? தானா வந்து கேஸ வாபஸ் வாங்குவா."

தனுஷன் சிரித்தான். சிரித்தால் அவன் அப்படியே அவனுடைய அப்பா. செத்துப்போன அந்த மனிதர் விஜயகலாவுக்கு மேடையிலும் ராஜா, வீட்டிலும் ராஜா. மகன் முகத்தில் அவரைப் பார்க்கும் போதெல்லாம் செய்வதைப் போல அவள் இப்போதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "டீச்சர், இங்க வாங்க" என்று இடம் பிடித்துக் கொடுத்தான். வெளியே மழை ரப்பர் மரங்களை அடித்துக்கொண்டிருந்தது. விஜயகலா வழிநெடுக ஒப்பனை வேலை பார்த்தாள்.

"தாலிய வெளிய எடுத்துப் போடு. தெரியணும்."

தர்மிளா எடுத்துப் போட்டாள்.

"பொட்டு எதுக்கு இவ்வளவு பெருசு? சின்னதாக்கு. பாத்தா பாவமா இருக்கணும், திருவிழாவுக்குப் போறவ மாதிரி இருக்கக் கூடாது."

தர்மிளா சேலைத் தலைப்பால் பொட்டின் ஓரத்தைத் துடைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மாமி, நீங்க அவ்வளவு ஒயரத்துல இருந்து விழுவீங்களாமே. ஒரு தடவ கூட அடி படலியா?"

"நாப்பது வருஷம் விழுந்திருக்கேன். ஒரு கீறல் கெடையாது."

சொல்லிவிட்டு விஜயகலா ரவிக்கையின் கையை இழுத்துவிட்டாள். மழையோ வெயிலோ, அவளுடைய ரவிக்கைக்கு எப்போதும் மணிக்கட்டு வரை கை. நடிகையென்றால் அப்படி ஒரு கம்பீரம் வேண்டும் என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பொலிஸ் வாசலிலேயே காத்திருந்தாள். விஜயகலாவைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"ஆ! டெலியே ஹிட்டபு அம்மா நேத?"

டீவியில் வந்த அம்மாதானே என்கிறாள். விஜயகலாவுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. கழுத்தைச் சாய்த்து, கண்ணில் கொஞ்சம் ஈரத்தைக் கொண்டுவந்து, வெண்ணெய் மாதிரியான சிங்களத்தில் தன் குடும்பத்துக்கு வந்த சோதனையைச் சொன்னாள். அவள் போட்டிருந்த கணக்கு இதுதான்: டாக்டர் சிங்களவராக இருப்பார், தர்மிளாவுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறும், மொழிபெயர்க்கிறேன் என்று தானும் உள்ளே போய்விடலாம். பொலிஸ்காரியும் தலையாட்டிவிட்டாள்.

டாக்டர் ஒரு பெண். தலையை மூடிய வெள்ளை முக்காடு, முப்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் டாக்டர் நுஸ்ஹா என்று பெயர்ப்பலகை.

"நான் இவளோட மாமியாருங்க. இவளுக்குச் சிங்களம் சரியா வராது, நான் சொல்லித் தாரேன்னு..."

"தேவயில்ல. நான் மாவனல்லை. நாங்களும் வீட்டுல தமிழ்தான் பேசுற. நீங்க வெளியில இருங்க."

விஜயகலா போட்ட கணக்கு தப்பிப்போயிற்று. ஆனால் இதற்கெல்லாம் அசந்து போகிறவளா? கதவுக்குப் பதில் அங்கே ஒரு பச்சைத் திரைதான் தொங்கியது. அதன் ஓரத்தில், மேடையின் பக்கவாட்டில் நின்று பிள்ளைகளுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிற அதே நிலையில், போய் நின்றுகொண்டாள். இடைவெளியில் எல்லாம் தெரிந்தது.

டாக்டர் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தர்மிளாவின் பக்கம் திரும்பித் தன் ஊர்ப் பேச்சில் கேட்டாள்.

"பயப்படாமச் செல்லுங்க பிள்ள. கை எப்படி உடைஞ்ச?"

"பின் படியில வழுக்கி விழுந்தேன் டாக்டர்."

குரல் கடைசி வரைக்கும் நிமிர்ந்தே நின்றது. நாயும் குரைக்கவில்லை, கோபமும் எட்டிப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் விஜயகலா தன்னை மறந்து தலையாட்டினாள்.

"எப்படி விழுந்த?"

"காட்டட்டுமா டாக்டர்?"

"ஐயோ, வேணாம் பிள்ள..."

அதற்குள் தர்மிளா எழுந்துவிட்டாள். ஒரு கணம் தரையைப் பார்த்தாள். அங்கே சோக்குக் குறி இல்லை. பிறகு முட்டி மடங்கியது, இடுப்பு இறங்கியது, தோள் உருண்டது, கைகள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. தலை தரையைத் தொடவே இல்லை. விஜயகலாவின் கண்ணில் நிஜமாகவே நீர் முட்டிவிட்டது. இத்தனை வருடத்தில் அவளிடம் படித்த எந்தப் பிள்ளையும் இப்படி விழுந்ததில்லை.

டாக்டர் ஓடிப் போய்த் தூக்கினாள். "நொந்துதா?"

"இல்ல டாக்டர்."

"கை?"

"கையும் நோகல்ல."

"இத ஆரு பழக்கின?"

"எங்க மாமி," என்றாள் தர்மிளா. "பெரிய நடிகை. அந்தா, வெளிய நிக்கிறாங்க."

இந்த வசனம் நான் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று விஜயகலா நினைப்பதற்குள் திரை விலகியது.

"உள்ளுக்கு வாங்க," என்றாள் டாக்டர். "நல்ல அழகா விழுறாங்க உங்கட மருமகள். இப்படி விழுந்தா நோகாதா?"

இங்கேதான் விஜயகலா சறுக்கினாள். எச்சரிக்கையாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி ஆசிரியையிடம் கேட்கப்பட்டது, ஆசிரியைதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"எப்படிங்க நோகும்? நான் பழக்கினது. நாப்பது வருஷம் மேடையில விழுந்திருக்கேன், ஒரு கீறல் கெடையாது. கை ஒடஞ்ச பிள்ளைக்கே நோகலன்னா பாத்துக்குங்களேன்!"

"அதத்தான் நானும் பாக்குற," என்றாள் டாக்டர். "உடைஞ்ச கையோட விழுந்தும் நோகல்ல. அப்ப உடையாத கையோட விழுந்த அன்டைக்கு எப்படி உடைஞ்ச?"



"அது... அன்னிக்கு மழைங்க. பாசி. வேற மாதிரி விழுந்திருப்பா..."

"இப்படித்தான் விழுந்தன்டு அவங்களே காட்டினாங்க." டாக்டர் படத்தை மேசையில் வைத்து விரலால் தொட்டாள். "வழுக்கி விழுறவங்க கைய ஊன்டுவாங்க. மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும். இது இங்க, நடுவுல உடைஞ்சிருக்கி. அடி வாரப்போ மொகத்த மறைக்க இப்படிக் கைய தூக்குவோமே, அப்ப உடையுற எடம் இது."

டாக்டர் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். விஜயகலாவின் வலது கை அவளைக் கேட்காமலே இடது முன்கையைப் போய்ப் பிடித்துக்கொண்டது. ரவிக்கைத் துணிக்கு மேலாக, சரியாக அந்த இடத்தில்.

டாக்டரின் பார்வை அங்கே போய் நின்றது.

"கையக் காட்டுங்க."

"எனக்கு ஒன்னுமில்லங்க."

"காட்டுங்க."

அதட்டல் இல்லாத குரல்தான். ஆனால் மறுக்க முடியவில்லை. டாக்டர் ரவிக்கையின் கையை மெதுவாகச் சுருட்டினாள். எலும்பு கோணலாகச் சேர்ந்து, ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. முப்பது வருடத்துப் புடைப்பு. எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாமல், துணி கிழித்துக் கட்டி, மறுநாள் மேடை ஏறிப் படியிலிருந்து உருண்ட கை. அன்றைக்கு வீரிட்டது முன் வரிசைப் பெண்கள் மட்டுமில்லை, அவளும்தான். நடிப்பின் உச்சம் என்று அவளுடைய வீட்டு ராஜா எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

"இது எப்படி?" என்று கேட்டாள் டாக்டர்.

நூறு வசனம் மனப்பாடமாக வைத்திருந்தவள் விஜயகலா. அதில் ஒன்றுகூட வரவில்லை. 

"விழுந்தேன்," என்றாள்.

பாதியிலேயே குரல் உடைந்து கீழே போய்விட்டது.

தர்மிளா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லு முடியிற எடத்துல கொரல எறக்காதீங்க மாமி."

அவள் அதைக் கேலியாகச் சொன்னாளா, இரக்கமாகச் சொன்னாளா என்று விஜயகலாவுக்கு விளங்கவில்லை. வேண்டுமென்றே அப்படி அழகாக விழுந்தாளா, சொன்னபடி மட்டும் கேட்டாளா, அதுவும் விளங்கவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினாள். பெண் பொலிஸ் தொலைபேசியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். போகிற போக்கில் விஜயகலாவைப் பார்த்தாள். இந்தத் தடவை அம்மா என்று சொல்லவில்லை.

விஜயகலா வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். ரவிக்கையின் கையை இறக்கிவிடவும் மறந்துபோயிருந்தாள்.  அவமானமாக இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. யாரோ ஒருத்தி தன் கையைப் பிடித்து இது எப்படி என்று கேட்டுவிட்டாள். முப்பது வருடத்தில் ஒரு ஆள் கேட்டதில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் அவள் மனம் மாறியிருக்கலாம். எழுதுகிற எனக்கும் அந்த ஆசை இருந்தது. திரும்பி உள்ளே போய், என் புருஷன் செய்தது, என் மகனும் அதையேதான் செய்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மனதில் வந்தது அதுவல்ல. எனக்குக் கிடைக்காத டாக்டர் இவளுக்கு மட்டும் எதற்கு? நான் துணி கட்டிக்கொண்டு மேடை ஏறினேன், இவள் மட்டும் மாவுக்கட்டோடு தப்பிப் போவதா? பொறாமைதான், வேறு பெயர் எதற்கு. 

கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். தனுஷன் என்ற பெயரை அழுத்தினாள்.

ஒரு ரிங். கட் பண்ணினாள்.

போனைப் பைக்குள் போட்டு சிப்பை இழுத்தபோது திரை விலகி தர்மிளா வந்தாள். அழுது முடித்த முகம், ஆனால் அதில் ஒரு வெளிச்சம் இருந்தது. காலையில் பெரிதாக வைத்திருந்த பொட்டின் பாதி இன்னும் நெற்றியில் இருந்தது.

"மாமி, பொலிஸ் ஜீப்பு வருதாம். அதுலயே போய் கவிஷாவக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொன்னாங்க." அவள் தயங்கினாள். "என் போனத்தான் அவரு ஒடச்சிட்டாரே. உங்க போன்ல ஒரு கோல் எடுத்துத் தாறீங்களா? அம்மா வாறேன்னு பிள்ளைகிட்ட சொல்லணும்."

விஜயகலா நிமிர்ந்தாள். முகத்தில் கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் தோல்வி, மன்னிப்புக் கேட்க வாய் வராத ஒரு மாமியாரின் கூச்சம், எல்லாவற்றையும் அளந்து எடுத்து வைத்தாள்.

"இப்பத்தான் பேசினேன் புள்ள. தூங்குறாளாம். எழுப்ப வேணாம்."

சொல் முடிகிற இடத்தில் குரல் இறங்கவே இல்லை.

"சரிங்க மாமி," என்று தர்மிளா பக்கத்தில் உட்கார்ந்தாள். சுருண்டு கிடந்த மாமியாரின் ரவிக்கைக் கையை நல்ல கையால் மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டு ஆள் ஒருவர் சொன்னதை அவள் நம்பினாள்.